ஊறிய ரப்பரின் சாட்சியம்

ஒரு ரப்பர் வளையத்தைப் பெட்ரோலில் போட்டுவிட்டு மறுநாள் எடுத்துப் பார்த்தால் அது வேறொரு பொருளாகியிருக்கும். நீளமும் பருமனும் கூடியிருக்கும். முன்னைவிட எளிதாக இழுபடும். சற்றுப் பலமாக இழுத்தால் அறுந்தும்விடும். ஆனால் எத்தனை நாள் கிடந்தாலும் கரையாது. வெளியே எடுத்துக் காற்றில் வைத்தால் குடித்த பெட்ரோலை விட்டுவிட்டு ஏறக்குறையப் பழைய அளவுக்கே சுருங்கிவரும். கொண்டைக்கடலையும் ஊறினால் உப்புகிறது; மரக்கதவும் அடைமழையில் உப்பி நிலையில் மாட்டிக்கொள்கிறது. ஆனால் பென்சீன் போன்ற ஒரு திரவத்தில் தன் கனஅளவைப் போல் நான்கைந்து மடங்கு குடித்த பிறகும் திடப்பொருளாகவே நின்று, இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும் குணத்தில் ரப்பருக்கு இணை அரிது. ரப்பர்த் தொழில் இந்த உப்பலை முதலில் வசதியாகப் பார்த்தது, பிறகு கேடாகப் பார்த்தது. அந்தக் கேட்டை அளந்து தடுக்கப் போன இடத்தில்தான் ரப்பர் என்றால் என்ன என்பதே பிடிபட்டது. திரவம் ஊறிய மீள்திடப்பொருள்களின் இயக்கவியல் என்று இன்று பாடநூல்களில் தூய கணிதமாகத் தோற்றம் தரும் துறை, ஒரு வணிகத்தின் தொல்லையிலிருந்தும் அந்த வணிகத்தின் பணத்திலிருந்தும் பிறந்தது என்பதே இங்கே சொல்ல வருவது. வரலாற்றை அந்தத் திசையிலிருந்து படித்தால்தான் கோட்பாட்டின் சில விசித்திரமான திருப்பங்களுக்குக் காரணம் விளங்கும்.

ஐரோப்பாவுக்கு ரப்பர் வந்ததே ஒரு கரைப்பான் சிக்கலாகத்தான். 1736இல் தென்னமெரிக்காவிலிருந்து லா கொந்தாமின் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அனுப்பியது உறைந்து கறுத்த கட்டியை. அமேசான் காட்டு மக்கள் மரத்துப் பாலை நேராக அச்சின் மேல் பூசிப் புகையில் காட்டிக் காலணியும் குப்பியும் செய்தார்கள். அந்தப் பால் கப்பலில் கடல் தாண்டுவதற்குள் கெட்டுப்போனது. ஐரோப்பியக் கைவினைஞருக்குக் கிடைத்தது உறைந்த கட்டி மட்டுமே. அதை மறுபடி பாலைப் போல் ஆக்க வேண்டும். 1760களில் எரிசான், மாக்கேர் என்ற இரு பிரெஞ்சு வேதியியலர்கள் டர்பன்டைனையும் ஈதரையும் அதற்கான கரைப்பான்களாகக் கண்டு கொடுத்தார்கள். 1783 ஆகஸ்டில் பாரிஸில் பறந்த சார்ல்ஸின் ஹைட்ரஜன் பலூன், டர்பன்டைனில் கரைத்த ரப்பர் பூசிய பட்டுத்துணியால் ஆனது. இவற்றைவிட என் கவனத்தை இழுப்பது 1791இல் க்ரோஸார் எழுதிய செய்முறை. கரைக்கவே தேவையில்லை என்று அவர் கண்டுகொண்டார். கட்டியை நீளப் பட்டையாக வெட்டி, ஈதரில் ஊறவைத்து உப்பவிட்டு, ஒரு கோலின் மேல் சுற்றி ஓரத்தோடு ஓரம் அழுத்தி வைத்தால் போதும். ஈதர் பறந்ததும் ஓரங்கள் ஒட்டி ஒரே குழாயாகிவிடும். ஊறல் என்பது கரைதலின் முதல் படி மட்டும் அல்ல, அது தனக்கென ஒரு நிலை. அந்த நிலையிலேயே பொருளை நிறுத்தி வேலை வாங்கலாம் என்ற அறிவு கோட்பாட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே கைவினையில் இருந்தது.

டர்பன்டைன் பிசுபிசுத்தது, ஈதர் விலை கூடியது. இரண்டுக்கும் மாற்று நிலக்கரி வாயுத் தொழிலின் கழிவிலிருந்து வந்தது. 1818இல் எடின்பரோவில் மருத்துவ மாணவராக இருந்த ஜேம்ஸ் சைம், தாரிலிருந்து வடித்த நாப்தா ரப்பரைக் கரைக்கும் என்று காட்டினார். கிளாஸ்கோவில் சாயத் தொழில் நடத்திய சார்ல்ஸ் மாக்கின்டாஷ் அந்த நாப்தாவில் ரப்பரைக் குழைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டி, மழை புகாத துணிக்கு 1823இல் காப்புரிமை பெற்று, மான்செஸ்டரில் தொழிற்சாலை வைத்தார். லண்டனில் தாமஸ் ஹான்காக் 1820இல் ரப்பரைப் பற்களுக்கிடையே கிழித்துப் பிசையும் ஓர் எந்திரத்தைச் செய்திருந்தார். ரகசியம் வெளியே போகக் கூடாதென்று தொழிலாளர்களிடம் அதை ‘ஊறுகாய்’ என்றே சொல்லிவைத்தார். பிசைந்த ரப்பருக்குக் கரைப்பான் குறைவாகப் போதும் என்பதே இதில் வந்த லாபம். பின்னாளில் இருவரும் கூட்டாளிகளானார்கள். நம் சைக்கிள் கடைகளில் பஞ்சர் ஒட்டுகிறவர் டியூபில் தடவி ஊதி உலர்த்தும் ‘சொல்யூஷன்’ இந்தச் செய்முறையின் நேர்வாரிசு. அவர் ஏன் தடவிய உடனே ஒட்டாமல் சற்றுப் பொறுக்கிறார் என்பதற்கும், மாக்கின்டாஷின் துணி ஏன் வெயிலில் பிசுக்கென்று ஒட்டிக் குளிரில் விறைத்தது என்பதற்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றனவே தவிர எங்கும் கட்டப்பட்டிருக்கவில்லை. திரவம் புகுந்தால் நழுவும். திரவம் போனால் மீண்டும் பின்னிக்கொள்ளும்.

கட்டுப்போட்டது கந்தகம். அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டு 1844இல் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் ஹான்காக் 1843இலேயே விண்ணப்பித்துவிட்டார். யார் முதல் என்ற வழக்கு பல பக்கங்களுக்கு எழுதப்பட்டிருக்கிறது, அது இங்கே வேண்டாம். நமக்கு வேண்டியது, கந்தகத்தோடு சூடாக்கிய ரப்பரைத் தொழில் எப்படி அடையாளம் கண்டது என்பது. அது குளிரில் விறைக்கவில்லை, வெயிலில் ஒட்டவில்லை. கூடவே, நாப்தாவில் போட்டால் கரையாமல் உப்பி மட்டும் நின்றது. பதமான ரப்பருக்கும் பதமாகாத ரப்பருக்கும் வேறுபாட்டை ஊறல் காட்டிக்கொடுத்தது. 1846இல் அலெக்சாண்டர் பார்க்ஸ் ஊறலையே வண்டியாக்கினார்: சல்பர் குளோரைடைக் கார்பன் டைசல்பைடில் கலந்து மெல்லிய ரப்பரை முக்கினால், உப்பும் ரப்பருக்குள் திரவம் கந்தகத்தைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்க்கும், சூடே தேவையில்லை. அந்த வசதிக்கான விலையைக் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். 1856இல் பாரிஸ் மருத்துவர் ஒகுஸ்த் தெல்பெக், அந்த ஆவியைச் சுவாசித்த ரப்பர்ப் பட்டறைத் தொழிலாளர்களின் நரம்புத் தளர்ச்சியையும் மனச் சிதைவையும் பதிவு செய்தார். ரப்பருக்குள் எளிதாகப் புகுகிற திரவம் மனித உடலுக்குள்ளும் எளிதாகப் புகும் என்பதைத் தொழில் அறிந்துகொண்ட விதம் இது.

கந்தகத்தால் இப்படிக் கட்டுப்போட்ட, அதாவது வல்கனைஸ் செய்த, ரப்பர் பெருகியதும் உப்பல் என்பது கேட்டின் பெயராயிற்று. எந்திரம் இருக்குமிடத்தில் எண்ணெய் இருக்கும். எண்ணெய் இருக்குமிடத்தில் ரப்பர் வளையமும் குழாயும் உப்பும். மோட்டார் வண்டி வந்த பிறகு இந்தக் குறைக்கு ஒரு சந்தை விலையே உண்டாயிற்று. 1931இல் டூபான்ட் நிறுவனம் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரை விற்க வந்தபோதும், ஜெர்மனியில் பூனா-என் வந்தபோதும், இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு விலை கேட்ட அந்தப் பொருள்களுக்கு இருந்த பெரிய வாதம் எண்ணெயில் உப்பாது என்பதுதான். இதற்கு முன்பே, 1912இல், ஜெர்மனியில் பொஸ்னியாக் என்ற ஆய்வாளர் ஒரு முக்கியமான கேள்வியைக் கேட்டிருந்தார்: ஊறுகிற ரப்பரை உப்பவிடாமல் பிடித்து வைக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும்? நன்றாக ஊறிவிட்ட ரப்பர் கொஞ்சம் அழுத்தினாலே திரவத்தை விட்டது. குறைவாக ஊறிய ரப்பருக்கு அழுத்தம் மிக அதிகமாக வேண்டியிருந்தது. உப்பல் என்பது பொருளின் நிலையான குணம் அல்ல, வெளியிலிருந்து வரும் விசையோடு பேரம் பேசி முடிவாகும் அளவு என்பதற்கு முதல் தெளிவான எண்கள் அவை. ஆனால் ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ரப்பரின் உள்ளமைப்பு எப்படிப்பட்டது என்பதே அன்று தெளிவாகவில்லை.

அதற்கான தடயம் நூறாண்டுகளாக மான்செஸ்டரில் கிடந்தது. வட இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் வாழ்ந்த ஜான் காஃப், குழந்தைப் பருவத்திலேயே பெரியம்மையால் பார்வை இழந்தவர். ரப்பர்ப் பட்டையை உதட்டில் வைத்துக்கொண்டு சட்டென்று இழுத்தால் அது சூடாவதை உதடு உணர்ந்தது, விட்டால் குளிர்ந்தது. எடை கட்டித் தொங்கவிட்ட பட்டையைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்கியது. மான்செஸ்டர் இலக்கியத் தத்துவக் கழகம் அவர் கட்டுரையை 1805இல் அச்சிட்டது. அதே நகரத்தின் மதுவடிப்பாளர் ஜூல், 1859இல் வல்கனைஸ் செய்த ரப்பரில் அதை அளந்து உறுதிசெய்தார். உலோகக் கம்பியைப் போல் அணுக்களுக்கிடையே உள்ள பிணைப்பை விரித்து ரப்பர் எதிர்ப்பதில்லை. நெளிந்து சுருண்டு ஆடிக்கொண்டிருக்கும் நீண்ட இழைகள் நிமிர்த்தப்படுவதை அவற்றின் வெப்ப ஆட்டமே எதிர்க்கிறது என்று 1930களில் மேயர், கூன், குத், மார்க் போன்றவர்கள் சொன்னபோதுதான் காஃபின் உதடு கண்டது விளங்கிற்று. இங்கே என் வாதத்துக்கு ஒரு மறுப்பு எழும்: இவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மனிதர்கள், மூலக்கருத்து வணிகத்திலிருந்து வரவில்லையே? மூலக்கருத்து வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருத்து வேறு, அதைச் சோதிக்கத் தக்க பொருள் வேறு. எத்தனை கட்டுகள் என்று தெரிந்த, ஒரே சீரான ரப்பர்த் தகடுகள், வாரக்கணக்கில் ஊறவைத்து நிறுத்துப் பார்க்கும் பொறுமை, அதற்குச் சம்பளம், இவை மூன்றும் ஒரே கூரையின் கீழ் கூடவேண்டியிருந்தது. அந்தக் கூரையைப் போட்டது ரப்பர் விலைச் சரிவு.

1925இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 4 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1932இல் சுமார் 2 பென்ஸ். 1934 மே மாதம் பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ், இந்தியா, சயாம் ஆகியவை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் செய்தன. ஏற்றுமதியாகும் ரப்பரின் மேல் ஒரு சிறு தீர்வை விதித்து அதைக் கொண்டு ரப்பருக்குப் புதுப் பயன் தேடும் ஆராய்ச்சி நடத்துவது என்பது அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து கிளைத்த ஏற்பாடு. அப்படித்தான் 1938இல் பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம் உருவாகி, லண்டனுக்கு வடக்கே வெல்வின் கார்டன் சிட்டியில் ஆய்வகம் அமைத்தது. ஜெஃப்ரி கீ, ட்ரெலோர், பிறகு 1944இல் ரிவ்லின் என்று, ரப்பரின் இயற்பியலில் இன்றும் பெயர் சொல்லப்படும் ஒரு தலைமுறையே அங்கே கூடியது. தீர்வையின் பெரும்பகுதிக்கு அடிப்படை மலாயாவின் ரப்பர். அந்த ரப்பர் ஐரோப்பியத் தோட்டங்களில் பெரும்பாலும் தமிழர் கைகளால் வெட்டப்பட்டது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நின்று, நிரை பிடித்து, மங்கு மங்காகப் பாலைச் சேர்த்துக் காண்டா வாளியில் சுமந்து, ஒட்டுப்பாலையும் கட்டிப்பாலையும் தனியே பொறுக்கிக் கொடுத்த உழைப்பு அது. சங்கம் தோன்றிய அதே 1938இல் ஏற்றுமதி ஒதுக்கீடு குறைந்ததைக் காட்டித் தோட்டத் தொழிலாளர் கூலி குறைக்கப்பட்டது. அதை ஏற்காத இந்திய அரசு, ஜூன் மாதம் மலாயாவுக்கு உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது.

கோட்பாட்டின் வரலாற்றில் தோட்டத் தொழிலாளருக்கு என்ன இடம் என்று கேட்கலாம். சமன்பாட்டை அவர்கள் எழுதவில்லை. இப்படிப் பார்த்தால் எல்லா அறிவியலுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் உழைப்பு இருக்கத்தானே செய்யும் என்பது நியாயமான மறுப்பு. என் பதில், இங்கே தொடர்பு அந்தப் பொதுவான வகையைச் சேர்ந்தது அல்ல என்பது. பொதுவான வரிப்பணத்தில் நடக்கும் ஆராய்ச்சிக்குத் தன் தலைப்பைத் தானே தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் உண்டு. இந்தத் தீர்வை குறிப்பிட்ட ஒரு பொருளின் ஒவ்வொரு பவுண்டிலிருந்தும் பிரிக்கப்பட்டு, அதே பொருளின் குறையைத் தீர்க்கவே செலவிடப்பட்டது. செயற்கை ரப்பரிடம் இயற்கை ரப்பர் தோற்கும் இடம் எண்ணெய். ஆகவே ‘ரப்பருக்கும் திரவங்களுக்கும் இடையிலான ஊடாட்டம்’ என்ற பொருளில் கீ 1942 முதல் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். எந்தத் திரவத்தில் ரப்பர் எவ்வளவு உப்பும் என்பதை, அந்தத் திரவத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் வலிமையோடு இணைத்தார். ரப்பரின் பற்றுக்கு நெருங்கிய பற்றுடைய திரவமே அதை மிக அதிகமாக உப்பச் செய்தது. தோட்டம் இல்லாவிட்டால் இந்தத் தலைப்பு அந்த ஆய்வகத்தின் மேசைக்கு வந்திராது.

இன்னும் வலிமையான மறுப்பு ஒன்றுண்டு. ஊறிய ரப்பரின் அடிப்படைச் சமன்பாடு வெல்வினில் பிறக்கவில்லை. 1943இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் ஆய்வகத்தில் பால் ஃப்ளோரியும் ஜான் ரேனரும் அதை எழுதினார்கள். அவர்கள் தீர்வைப் பணத்தில் வாழவில்லை. ஆனால் அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும் உலகின் இயற்கை ரப்பரில் மிகப் பெரும்பகுதி ஜப்பானியர் கைக்குப் போனது. அமெரிக்கா செயற்கை ரப்பரை அவசரமாகப் பெருக்கியது. அந்த எண்ணெய் நிறுவனமே சில ஆண்டுகளுக்கு முன் பியூட்டைல் ரப்பரைக் கண்டிருந்தது. அதில் எத்தனை கட்டுகள் விழுகின்றன என்று அளக்க வழி தேவைப்பட்டது. அங்கேயும் கேள்வி கேட்டது தொழில்தான், பணம் கொடுத்ததும் தொழில்தான். வேலை நின்றுபோன மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்துகொண்டிருந்த அதே மாதங்களில், அவர்கள் வெட்டாமல் விட்ட ரப்பரின் இடத்தை நிரப்பும் முயற்சியிலிருந்து அந்தச் சமன்பாடு வந்தது. இதை எழுதும்போது அந்த இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஃப்ளோரியும் ரேனரும் சொன்னதைச் சூத்திரம் இல்லாமலே சொல்லலாம். ரப்பரை முப்பரிமாண மீன்வலையாக எண்ணிக்கொள்வோம். கந்தகம் போட்ட இடங்கள் முடிச்சுகள். திரவ மூலக்கூறுகள் வலைக்குள் கலந்து பரவ விரும்புகின்றன. அவை நுழைய நுழைய வலை விரிகிறது, முடிச்சுகளுக்கு நடுவே உள்ள இழைகள் நிமிர்கின்றன, நிமிர்ந்த இழைகள் உள்நோக்கி இழுக்கின்றன. கலக்கும் ஆசையும் சுருங்கும் இழுப்பும் சமமாகும் இடத்தில் உப்பல் நிற்கிறது. முடிச்சே இல்லாவிட்டால் நிற்கவே நிற்காது, அதுதான் கரைதல். முடிச்சுகள் நெருக்கமாக இருந்தால் சீக்கிரம் நிற்கும். எனவே ஒரு துண்டு ரப்பரை நிறுத்து, டோலுயீனில் ஊறவைத்து, மறுபடி நிறுத்தால் முடிச்சுகளின் அடர்த்தியைக் கணக்கிட்டுவிடலாம். இன்றும் ரப்பர் ஆய்வகங்களில் நடக்கும் சோதனை இது. ஊறிய வலை ஏன் தளர்கிறது என்பதற்கும் இதிலேயே விடை உண்டு. கனஅளவு எட்டு மடங்கானால் ஒவ்வொரு திசையிலும் நீளம் இரட்டிக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டரைக் கடக்கும் இழைகள் காற்பங்காகக் குறைகின்றன. ஆனால் ஒவ்வோர் இழையும் ஏற்கெனவே இரு மடங்கு நீண்டு நிற்கிறது. இரண்டும் சேர்ந்து, விறைப்பு பாதியாகிறது. எட்டு மடங்கு உப்பிய பொருள் எட்டில் ஒரு பங்காகத் தளராமல் பாதியோடு நிற்பதைத்தான் நான் இந்தக் கோட்பாட்டின் மிக அழகான விளைவு என்பேன்.

பொஸ்னியாக்கின் அழுத்தத்துக்கும் இப்போது பொருள் கிடைத்தது. 1944இல் அதே இருவரும், 1950இல் விரிவாக ட்ரெலோரும், ஊறும் ரப்பரை இழுத்துப் பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். இழுத்த ரப்பர் அதிகம் குடிக்கிறது. கேட்டவுடன் இது நேர்மாறாகத் தோன்றும். இறுக்கமாக நிற்கும் வலைக்குள் திரவம் நுழைவது கடினம் என்றல்லவா நினைப்போம்? உப்பிய ரப்பரில் திரவத்தைத் தடுத்து நிற்பது வலையின் உள்நோக்கிய இழுப்பு. வெளியிலிருந்து ஒரு கை ஒரு திசையில் இழுக்கும்போது, அந்தத் திசையில் வலையின் இழுப்பில் ஒரு பங்கை அந்தக் கை தன்மேல் வாங்கிக்கொள்கிறது. திரவத்துக்கு எதிர்ப்பு குறைகிறது. இன்னும் கொஞ்சம் நுழைகிறது. அழுத்தினால் எல்லாம் தலைகீழ், திரவம் வெளியேறுகிறது. இதன் பிறகு உப்பல் என்பதை ஒரே எண்ணாகச் சொல்ல முடியாமல் போயிற்று. எந்த உருமாற்றத்தின் கீழ் உப்பல் என்று கேட்கவேண்டியதாயிற்று. பள்ளத்தில் பதித்த ரப்பர் வளையத்துக்கும் தட்டில் ஊறும் ரப்பர்த் துண்டுக்கும் ஒரே அட்டவணையைப் பார்த்து எண் சொன்ன பொறியாளர்கள் ஏன் தவறினார்கள் என்பதும் இதனால் தெளிவாயிற்று.

இப்போது உப்பல் சாட்சி சொன்ன இடத்துக்கு வருகிறேன். வலைக்கோட்பாடு கணித்த விசைக்கும் உலர்ந்த ரப்பரை இழுத்து அளந்த விசைக்கும் விடாமல் ஒரு வேறுபாடு இருந்துவந்தது. நீள நீள ரப்பர் கணித்ததைவிடத் தளர்ந்தது. 1940இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் நிறுவனத்தின் மெல்வின் மூனி, ஒன்றுக்குப் பதில் இரண்டு மாறிலிகள் கொண்ட சூத்திரத்தைக் கொடுத்தார். ரிவ்லின் அதைப் பெரிய உருமாற்றங்களின் பொதுக் கோட்பாட்டில் வைத்துக் காட்டினார். இரண்டாவது மாறிலி எங்கிருந்து வருகிறது என்பது புதிராகவே இருந்தது. 1953இல் வெல்வினைச் சேர்ந்த கம்ப்ரெல், மல்லின்ஸ், ரிவ்லின் மூவரும் ரப்பரை வெவ்வேறு திரவங்களில், வெவ்வேறு அளவுக்கு ஊறவைத்து இழுத்துப் பார்த்தார்கள். ஊற ஊற இரண்டாவது மாறிலி குறைந்துகொண்டே வந்து, கலவையில் ரப்பர் ஏறத்தாழக் கால் பங்காகும்போது பூச்சியமாயிற்று. எந்தத் திரவம் என்பது பொருட்டாகவில்லை. எவ்வளவு திரவம் என்பதே பொருட்டாயிற்று. எளிய கோட்பாட்டுக்குக் கச்சிதமாகக் கீழ்ப்படிந்த ரப்பர், தொழில் கெட்டுப்போனது என்று தூக்கியெறியும் ரப்பர்தான்.

இதற்கும் மறுப்பு உண்டு. இதை நான் முழுதாகத் தள்ளமாட்டேன். ஊறிய ரப்பர் உலர்ந்த ரப்பரின் உண்மையைச் சொல்வதாக எப்படி எடுத்துக்கொள்வது? திரவம் இழைகளின் பின்னலைத் தளர்த்தி, வேறொரு பொருளையே உண்டாக்கிவிட்டது. அந்தப் புதுப் பொருள் கோட்பாட்டுக்குப் பொருந்தினால் பழைய பொருளைப் பற்றி நமக்குத் தெரிந்தது என்ன? மேலும், கலக்கும் ஆற்றலையும் இழுபடும் ஆற்றலையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டலாம் என்பது ஃப்ளோரி–ரேனரின் அனுமானம். அது எப்போதும் சரியல்ல என்பதை 1980களின் நுணுக்கமான அளவைகள் காட்டின. இவை மெய். ஆயினும் 1953இன் சோதனை காட்டியது எதிர்மறையான ஓர் அறிவு: விலகலுக்குக் காரணம் முடிச்சுகளில் இல்லை, முடிச்சுகளுக்கு நடுவே இழைகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பின்னிக் கிடப்பதில் இருக்கிறது என்பதை அது சுட்டியது. பிற்கால ஆய்வு பெரும்பாலும் அந்தத் திசையில்தான் போயிற்று. சாட்சி முழு வழக்கையும் தீர்க்கவில்லை. எந்த அறையில் தேடவேண்டும் என்று காட்டியது.

திரவம் நிறைந்த திடப்பொருளின் இயக்கவியலுக்கு மண்ணியலார் சொந்தம் கொண்டாடுவார்கள். இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்தபோது டெர்ஸாகி செய்த களிமண் சோதனைகள் 1920களிலேயே வெளிவந்தன. வியன்னாவில் ஃபில்லுங்கர் 1936இல் திடமும் திரவமும் ஒன்றையொன்று ஊடுருவிய இரு தொடரங்களாக எழுதினார். பியோ 1941இல் முப்பரிமாணக் கோட்பாட்டைத் தந்தார். முன்னுரிமை அவர்களுக்கே. ஆனால் களிமண் கட்டடத்தின் கீழ் சில சதவீதம் அமுங்குகிறது. ரப்பரோ பல மடங்கு விரிகிறது. மண்ணில் நீரைத் தள்ளுவது பெரும்பாலும் சுமை. ரப்பரில் திரவம் தானாகவே விரும்பி நுழைகிறது. பெரிய உருமாற்றத்தையும் அந்த விருப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட ரப்பர் வழிதான் வேண்டியிருந்தது. இரு வழிகளும் கூடிய இடத்தில் ஒரு தமிழ்ப் பெயரும் வருகிறது. 1970இல் டெக்சாஸில் பால் என்ற ஆய்வாளரும் எப்ரா-லிமாவும் ஊறிய ரப்பர்ச் சவ்வின் வழியாக அழுத்தம் கொடுத்துத் திரவங்களைச் செலுத்தினார்கள். அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட ஓட்டம் அதே விகிதத்தில் கூடாமல் ஒரு வரம்பில் போய் நின்றது. திரவம் வெளியேறும் பக்கத்தில் சவ்வு நசுங்கி உலர்ந்து, தானே வாயிலை அடைத்துக்கொண்டது. சென்னை ஐ.ஐ.டியில் படித்து அமெரிக்காவில் பணியாற்றிய கே. ஆர். ராஜகோபாலும் அவருடைய சகாக்களும் 1980களில் இதை, திடத்தையும் திரவத்தையும் ஊடுருவிய இரு தொடரங்களாகக் கருதும் கலவைக் கோட்பாட்டால் விளக்க முனைந்தபோது ஒரு முட்டுக்கட்டை வந்தது. எல்லையில் மொத்த விசை தெரியும். அதில் ரப்பருக்கு எவ்வளவு, திரவத்துக்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. திரவத்தைத் தொட்டு நிற்கும் மேற்பரப்பு எப்போதும் முழுக்க ஊறிய நிலையில் இருக்கிறது என்று வைத்து, அதற்கு ட்ரெலோரின் சமநிலை உறவையே அவர்கள் எல்லை நிபந்தனையாக்கினார்கள். ரப்பர் வணிகத்தின் கேள்விக்கு எழுதிய விடை, ஏறக்குறைய நாற்பதாண்டுகள் கழித்து ஒரு பொதுக் கோட்பாட்டின் விடுபட்ட ஓர் உறுப்பாகப் பொருந்தியது.

கடைசியில் தொழிலே தன் பார்வையை மாற்றிக்கொண்டது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எண்ணெய்க் கிணறுகளில் உப்பும் ரப்பர் அடைப்புகள் புழக்கத்துக்கு வந்தன. எஃகுக் குழாயைச் சுற்றி, எண்ணெயில் வேண்டுமென்றே உப்பக்கூடிய ரப்பர் உறை ஒன்றைப் பொருத்துகிறார்கள். உலர்ந்த நிலையில் ஒல்லியாக இருப்பதால் அது ஆழத்துக்கு இடறாமல் இறங்குகிறது. கீழே எண்ணெய் பட்டதும் நாள்கணக்கில் ஊறி, கிணற்றின் பாறைச்சுவரைத் தொடுகிறது. தொட்ட பிறகு மேலும் உப்ப இடமில்லை. குடிக்க நினைத்துக் குடிக்க முடியாத மிச்சம் அழுத்தமாகிப் பாறையை நெருக்குகிறது, கிணற்றின் ஒரு மண்டலத்து எண்ணெயும் நீரும் இன்னொன்றில் கலக்காமல் அடைக்கிறது. இடைவெளி சிறியதாக இருந்தால் சீக்கிரம் தொட்டுப் பலமாக நெருக்கும். பெரியதாக இருந்தால் பெரும்பங்கு உப்பலைச் சுவரைத் தொடுவதிலேயே செலவழித்துவிட்டு மெலிதாகத்தான் நெருக்கும். உறையின் தடிப்பு எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை 1912இல் பொஸ்னியாக் கேட்ட அதே கேள்வியிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள்.